என்னுடைய ஐந்து செக்கன்

பந்தை ரொஷானின் கையில் கொடுத்தேன். அவன் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்றான். நான் அவனுக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். ஆட்டம் முடிய எட்டு செக்கன் இருந்தது. அவனுடைய பள்ளி ஒரு புள்ளி பின்னால். உள்ளே நிற்கும் நான்கு பேரில் ஒருவனுக்கு அவன் பந்தை எறிய வேண்டும். அந்த ஒருவன் அதைக் கூடையில் போட்டால் மாவட்டக் கிண்ணம் அவர்களுக்கு.

கச்சான் காற்று கடல் பக்கமிருந்து மணலை அள்ளி வந்து கணுக்காலில் குத்தியது. சீமெந்துத் திடலில் வலைப்பந்துக்கு மஞ்சள் கோடும் கூடைப்பந்துக்கு வெள்ளைக் கோடும் போட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் இரண்டும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன.

வலது கையை வீசி எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. பந்து இன்னும் அவன் கையில்தான் இருந்தது. விசிலை ஊதினேன்.

பந்து மற்றப் பள்ளிக்குப் போனது. மிச்சம் இருந்த எட்டு செக்கனையும் அவர்கள் தட்டித் தட்டியே ஓட்டி முடித்தார்கள்.

போன கிழமை இந்தப் பக்கத்தைப் படித்த வாசகர் ஒருவர், “இத்தனை வருடம் ஊதினீர்கள், ஒரு தரமாவது பிழையாக ஊதியதில்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தார். கடிதத்தில் நான்கு வரி. அதற்கு நான் ஒரு அத்தியாயம் எழுத வேண்டியிருக்கிறது.

மணிக்கூடு நிற்கும் நேரம்

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பந்து வெளியே போனால் மேசையில் இருப்பவர் மணிக்கூட்டை நிறுத்திவிடுவார். வெளியே நிற்கும் ஆட்டக்காரனின் கைக்குப் பந்து வந்ததும், ஐந்து செக்கனுக்குள் அவன் அதை எறிந்துவிட வேண்டும். எறிந்த பந்தை உள்ளே ஒருவன் தொட்ட பிறகுதான் மணிக்கூடு மறுபடி ஓடும்.

ஆகவே அந்த ஐந்து செக்கனை அளப்பதற்கு மைதானத்தில் எந்த மணிக்கூடும் இல்லை. மத்தியஸ்தரின் வாய்க்குள் ஓடும் எண்ணிக்கைதான் அளவு. அதைச் சரி பார்க்கவும் ஆள் கிடையாது.

இந்தப் பொறுப்பு எனக்கு ஆரம்பத்தில் பிடித்திருந்தது. நான் எதையும் எண்ணுகிறவன். பள்ளிவாசல் படி, பஸ் ஜன்னல், கஞ்சிக் கோப்பையில் மிதக்கும் வெந்தயம் எல்லாம் எண்ணுவேன். கலியாணம் முடித்த புதிதில் என் மனைவி ஹிதாயா, “நான் சிரிச்சதையும் எண்ணி வெச்சிருப்பீங்களோ?” என்று கேட்டாள். எண்ணி வைத்திருந்தேன். சொல்லவில்லை.

முப்பத்துமூன்று

கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர், ஆங்கிலத்தில் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றும் சரியாக ஒரு செக்கன் வருமாம். எனக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் என் நாக்கு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி.

என் நாக்குக்கு நன்றாகப் பழகியது வேறொன்று. தொழுகை முடிந்ததும் முப்பத்துமூன்று தரம் ‘சுப்ஹானல்லாஹ்’ சொல்வோம். சிறு வயதிலிருந்து நாளுக்கு ஐந்து நேரம் விரலில் எண்ணிச் சொல்லிப் பழகியது. அதன் நடை எனக்குள் மாறவே மாறாது என்று நம்பினேன்.

ஒரு நாள் பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, கைமணிக்கூட்டைப் பாயின் மேல் வைத்து அளந்து பார்த்தேன். முப்பத்துமூன்று சொல்லி முடிக்க முப்பத்துமூன்று செக்கன். அடுத்த நாளும் அளந்தேன். முப்பத்திரண்டரை. மூன்றாம் நாள் மறுபடி முப்பத்துமூன்று. அன்றிலிருந்து மைதானத்திலும் அதையே மனதுக்குள் வைத்து எண்ணினேன்.

விளையாட்டுக்கு இதைப் பாவிக்கலாமா என்று கனமூலைப் பள்ளிவாசல் மௌலவியிடம் ஒரு தரம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அல்லாஹ்வ நினைக்கிறதுக்கு எந்த இடமும் நல்ல இடம்தான் சேர். ஆனா அதச் சொல்லிட்டு ஊதுற விசில்ல அநியாயம் இரிக்கக் கூடா” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது பின்னாளில் எலும்பில் இறங்கியது.

மச்சான், சேர் ஆனான்

ரொஷானின் பள்ளிக்குப் பயிற்றுநர் மனுவல் மாஸ்டர். ஆலங்குடாக்காரர். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். மத்தியஸ்தர் பரீட்சைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம்.

அன்றைய இறுதி ஆட்டத்தில் மோதியது இரண்டு பள்ளிகள். ஒன்று மனுவலின் கடற்கரைப் பள்ளி, கத்தோலிக்கப் பிள்ளைகள். மற்றது களப்போரத்துப் பள்ளி. எங்கள் பிள்ளைகள், முஸ்லிம்கள். அங்கே நான் ஏழு வருடம் கணிதம் படிப்பித்திருந்தேன்.

அந்த ஆட்டத்தை நான் ஊதுவதாக இருக்கவில்லை. வர வேண்டிய இருவரில் ஒருவர் வரவில்லை. நான் தயங்கினேன். மனுவல்தான் என் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டான். “நீ ஊதினாப் போதும் மச்சான். எனக்கு வேற ஆள் வேணாம்.”

ஆட்டம் முடிந்ததும் அவனே எல்லோருக்கும் முன்னால் என்னிடம் வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

“எங்கட பெடியனுக்கு நாலு, உங்கட பெடியனுக்கு அஞ்சு. அப்படித்தானே சேர்?”

அதன் பிறகு நான் அவனுக்குச் சேர்தான். இருபத்தைந்து வருடத்துக்குக் கிட்ட. அதற்குள் ஒன்பது தரம் சந்தித்தோம்: ஐந்து கலியாணம், மூன்று மரண வீடு, ஒரு தரம் புத்தளம் ஆஸ்பத்திரியில் மருந்து வரிசையில். ஒன்பது தரமும், “சேர், சுகமா?” நான், “ஓம் மாஸ்டர்.” அவ்வளவுதான் கதை.

அவன் சொன்னது பொய் என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வேண்டுமென்று நான் செய்யவில்லை. ஆனால் ஏழு வருடம் படிப்பித்த பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்று என் நாக்கு எனக்குத் தெரியாமல் அவசரப்பட்டிருந்தால்? நாக்கை யார் கண்டது?

மூன்று நிரல்

இரண்டு வருடத்தில் ஊதுவதை விட்டுவிட்டேன். முழங்கால் என்று எல்லோருக்கும் சொன்னேன். பிறகு மற்ற மத்தியஸ்தர்களை மதிப்பிடும் வேலை வந்தது. ஆட்டத்தில் ஓரமாக ஒரு கதிரையில் இருந்து, ஒவ்வொரு விசிலையும் தாளில் குறிக்க வேண்டும். மூன்று நிரல்: சரி, பிழை, ஊதாமல் விட்டது.

சில காலத்தில் இந்த மூன்று நிரலும் போதாது என்று கண்டேன். இளம் மத்தியஸ்தர் ஒருவர் பத்து விசிலில் ஒன்பதைச் சரியாக ஊதுவார். ஆனாலும் ஆட்டம் முடியும்போது ஒரு பக்கத்தார் அவர்மேல் கொதித்துக்கொண்டு நிற்பார்கள். தாளைத் திருப்பிப் பார்த்தால் விளங்கும். இந்தக் கூடைக்குக் கீழே முழங்கை பட்டதற்கு ஊதியிருப்பார். அந்தக் கூடைக்குக் கீழே அதே முழங்கைக்குச் சும்மா நின்றிருப்பார்.

வேறொருவர் சின்ன உரசலுக்கெல்லாம் ஊதுவார். புத்தகப்படி அதில் பாதி பிழை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊதுவார். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அவரைப் படித்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி விளையாடத் தொடங்குவார்கள். ஆட்டம் சண்டையில்லாமல் முடியும்.

ஆகவே நான் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துக் குறித்தேன். எத்தனையோ பேரை அப்படி அளந்தேன். வீட்டுக்கு வந்து மேசை லாச்சியை இழுத்துத் தாளை உள்ளே வைக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு வரும். அளக்கப்படாத ஆள் ஒருவன் இருக்கிறான். அவன்தான் இந்த லாச்சியைப் பூட்டுகிறான்.

நன்மை டேப்பின் மிச்சம்

இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மனுவலின் மகள் மெர்லின். இப்போது அவளும் ஆசிரியை.

“சேர், என்ட முதல் நன்மை டேப் ஒன்டு அலுமாரிக்குள்ள கிடந்திச்சி. சிலாபத்துல குடுத்து பென்டிரைவுல ஏத்தினன். நன்மைப் பூசை முடிஞ்ச பொறகு, மிச்ச டேப்புல உங்கட மெட்ச் இரிக்கி. மாமா கமரா பழகிறதுக்கு எடுத்திருக்கார். ரெண்டாவது பாதி மட்டும்தான்.”

முதல் நன்மை, கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் தரம் நற்கருணை வாங்கும் நாள்; எனக்கு அதன் மிச்சம்தான் காதில் நின்றது. “அப்பா பார்த்தாரா?”

“இல்ல சேர். நீங்க வந்தாத்தான் பார்ப்பாராம்.”

நான்கு நாள் யோசித்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லலாம் என்று இரண்டு தரம் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஹிதாயா மீன் கழுவிக்கொண்டே, “போகாம இரிந்தா இன்னும் இருபத்தஞ்சு வருஷம் என்ட தலயத்தான் தின்பீங்க. எனக்கு அவ்வளவு ஆயுசு இல்ல. போய்ட்டு வாங்க” என்றாள்.

மதிப்பீட்டுத் தாள் ஒன்றை எடுத்து, நடுவே கோடு போட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பாலாவிச் சந்தியில் இறங்கிக் கல்பிட்டி பஸ் ஏறினேன். வழியில் கடற்கரை ஓரத்துக் காற்றாலைகளை எண்ணினேன். பதினொன்று வந்தது. எப்போதும் போகும்போது ஒரு கணக்கும் வரும்போது ஒரு கணக்குமாகத்தான் வரும். என் எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை என்பது அன்றைக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

கழுதை வந்த இடம்

மனுவல் முன் அறையில் கதிரையில் இருந்தான். முழங்கால் அவனுக்குத்தான் உண்மையாகப் போயிருந்தது. எழும்பப் பார்த்தான்.

“இருங்க மாஸ்டர்.”

“சேர், சுகமா?”

பத்தாவது தரம்.

மெர்லின் பிளேன்டீயும் மீன் கட்லட்டும் கொண்டுவந்து வைத்தாள். தொலைக்காட்சியில் வெள்ளை உடுப்பில் சின்ன மெர்லின் கோவில் படியில் நடந்தாள். பிறகு படம் குலுங்கி, திடல் வந்தது. மூலையில் கமராவின் மணிக்கூடு செக்கன் செக்கனாக ஓடியது. நான் என் கைப்பேசியின் நிறுத்தற் கடிகாரத்தை வைத்து, ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தானா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். சரியாக இருந்தது.

“கடைசிய முதல்ல போடு மகள்” என்றான் மனுவல்.

நான் தெரிந்தேன். தலை நிறைய முடி. ரொஷானின் கையில் பந்தைக் கொடுத்தேன். கை வீசியது. விசில்.

ஏழு தரம் அளந்தேன். கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்தேன்.

நாலு தசம் இரண்டு.

அதை வாய்விட்டுச் சொன்னேன். மனுவல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாலு” என்றான்.

“ஓம் மாஸ்டர்” என்றேன். “அஞ்சு இல்ல. பிழை.” தாளில் இரண்டாம் நிரலில், அவனுடைய பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் என் நாக்கை அளந்தது பாயில் இருந்துகொண்டு, மூச்சு அமைதியாக ஓடும்போது. திடலில் நாற்பது நிமிடம் ஓடி, நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது ஒரு நாளும் அளந்ததில்லை. அஸர் நேரத்து மணிக்கூட்டை நம்பி எத்தனையோ ஆட்டம் ஊதியிருக்கிறேன். கணித ஆசிரியன் செய்யக்கூடிய பிழையா?

ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில்.

“முதல்ல இருந்து போடு மகள்” என்றேன். “எல்லாப் பந்தும் பார்க்கணும்.”

மெர்லின் ஓடவிட்டாள். ஒவ்வொரு தரம் நான் பந்தைக் கொடுக்கும்போதும் அளந்து, இரண்டு பக்கமும் எழுதினேன். பெரும்பாலும் இரண்டு செக்கனில் எறிந்துவிட்டார்கள். அப்போது கூடைக்குப் பின்னால் ஒரு கழுதை திடலைக் கடந்து போனது.

“ஆ, கழுத!” என்றான் மனுவல். “இது எனக்கு ஞாபகம் இரிக்கி.”

எனக்கும் ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் விரட்டியதும், எல்லோரும் சிரித்ததும். ஆனால் கழுதை வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விசில் கேட்டதே, அது?

“பின்னுக்குப் போ மகள்.”

பந்து களப்போரத்துப் பள்ளிக்காரன் கையில். நான் கை வீசுகிறேன். விசில். நான் கைவிரல் ஐந்தையும் விரித்துக் காட்டுகிறேன். பந்தை வாங்கிக் கடற்கரைப் பள்ளிக்குக் கொடுக்கிறேன்.

அந்த ஆட்டத்தில் ஐந்து செக்கனுக்கு நான் ஊதியது ஒரு தரம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இரண்டு தரம் ஊதியிருக்கிறேன். வெந்தயத்தை எண்ணுகிறவன் இதை எண்ண மறந்திருக்கிறேன். கழுதை ஞாபகம் இருக்கிறது!

அளந்தேன். ஏழு தரம். நாலு தசம் ஒன்று.

மனுவல் தாளை என் கையிலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தான். “உங்கட ஆக்களுக்குத் தசம் ஒன்டு குறைய.”

“அது என்ட பெருவிரல்ட பிழையா இரிக்கும்” என்றேன்.

“இரிக்கட்டும். எழுதுங்க.”

எழுதினேன். ஆனாலும் கணக்கு முடியவில்லை. கடைசி ஐந்து நிமிடம் இருந்தது. அதில் களப்போரத்துப் பையன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தபடி நீளமாக நின்றான். விசில் இல்லை. ஒரு வழியாக எறிந்தான். கண்ணால் பார்க்க ஐந்து செக்கன் போலவே இருந்தது. மனுவலும் முன்னால் சரிந்து உட்கார்ந்தான். அவனுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

இது நாலு தசம் மூன்று என்றால் அவன் அன்றைக்குச் சொன்னது முழுக்க உண்மை. நான் கைப்பேசியை மெர்லினிடம் நீட்டினேன். “நீ அள மகள். என்னால ஏலா.”

அவள் அளந்தாள். மறுபடி அளந்தாள். ஏழாம் தரம் அளக்கும்போது நான் சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூனு தசம் எட்டு, சேர்.”

நான் கதிரையில் சாய்ந்தேன். கதிரை கிறீச்சிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நான்குக்கு உள்ளே எறிந்தவர்களை எந்தப் பக்கத்திலும் விட்டிருக்கிறேன். நான்கைத் தாண்டியவர்களை எந்தப் பக்கத்திலும் ஊதியிருக்கிறேன். என் ஐந்து செக்கன் குறைந்த ஐந்து செக்கன். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அதே குறைவு.

யாருடைய சத்தம்

கட்லட் ஆறிப்போயிருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். மெர்லின் கடைசிக் காட்சியைச் சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டாள். காற்றின் இரைச்சல். பிள்ளைகளின் கூச்சல். அதற்குள் ஒரு பெரிய குரல்: “பொறு ரொஷான்! பொறு! எறியாத!”

மெர்லின் படத்தை நிறுத்தினாள். “அப்பா, இது ஆர்ட சத்தம்?”

மனுவல் காதைச் சொறிந்தான்.

“மாமாட சத்தமா இரிக்கும்.”

“மாமா கமராவுக்குப் பின்னால நிக்கார் அப்பா. இது அந்தப் பக்கத்தால வருது. உங்கட கோச் கதிரைப் பக்கம்.”

மனுவல் முதலில் தோளைக் குலுக்கினான். பிறகு வயிறு குலுங்கியது. சிரித்தான். இருமிக்கொண்டே சிரித்தான். “அவன் பாவம், என்ட சொல்லக் கேட்டு நின்டிரிக்கான். இன்னும் நாலு செக்கன் குடுத்திருந்தாலும் எறிஞ்சிரிக்க மாட்டான்!”

“அதுக்காக நான் ஊதினது சரியாகாது” என்றேன். நிரலை மாற்ற எனக்கு மனமில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிழை. அப்படியேதான் தாள் இப்போதும் இருக்கிறது.

அவன் என் கைப்பேசியை எடுத்தான். “இப்ப எண்ணுங்க பாப்பம். மனசுக்குள்ள. அஞ்சு வந்ததும் மேசையில தட்டுங்க.”

எண்ணித் தட்டினேன்.

“ஆறு தசம் ஆறு” என்று வாசித்துவிட்டு, திரும்பவும் இருமும் வரைக்கும் சிரித்தான். “மகள், இந்த மனிசன இப்ப ஊத விட்டா ரொஷான் பந்த வெச்சிக்கிட்டு நன்மைப் பூசையும் பாத்திட்டு வந்து எறிவான்!”

முழுக்க நிம்மதி என்று எழுத மாட்டேன். ஊதிய காலம் முழுக்க எத்தனை பிள்ளைகளுடைய முக்கால் செக்கனை எடுத்திருப்பேன் என்று இப்போதும் சில வேளை கணக்குப் போடுகிறேன். விடை வருவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அஸர் தொழுதுவிட்டு முப்பத்துமூன்றையும் சொல்லும்போது, முன்பெல்லாம் நடுவில் கேட்ட அந்த விசில் கேட்பதில்லை.

வேண்டாம் என்று சொல்லியும் மனுவல் ஊன்றுகோலோடு என்னுடன் சந்தி வரை வந்தான். பஸ் ஏற்கனவே வந்து நின்றிருந்தது. கண்டக்டர் கதவைத் தட்டி, “ஏறுங்க ஏறுங்க, நேரம் போகுது” என்று அவசரப்படுத்தினான். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். மனுவல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“அஞ்சு செக்கன் பொறு தம்பி” என்றான் கண்டக்டரிடம். “இவர்ட அஞ்சு இல்ல. மணிக்கூட்டு அஞ்சு.”

பிறகு என்னைப் பார்த்தான். சொல்ல ஏதோ இருந்தது போல வாயைத் திறந்தான்.

“போய்ட்டு வா மச்சான்.”

நான் அப்போது எண்ணவில்லை என்று எழுத ஆசைதான். எண்ணினேன். அவன் கையை விடும்போது ஏழு வந்திருந்தது.